ஈயம் நடக்குதாம்!

அம்மிணி, காலைக் கொஞ்சம் அக்கட்ட வெச்சுக்க சாமி. அந்தப் பையை மிதிச்சுப் போடாதே. திங்கற பண்டம் இல்ல, மண்ணு. ஆமா, மண்ணுதான். சிரிக்காதே. வெள்ளாமைக்காரி பையில மண்ணு இல்லாம மல்லிப்பூவா இருக்கும்?

நீ எங்க எறங்கறே? காலேஜ் ஸ்டாப்பா! அட, நானும் அங்கதான் போறேன். வந்தா ஒரு வார்த்தை சொல்லிப்போடு. இந்தக் கண்டக்டரு நம்ம மாதிரி ஓசி டிக்கெட்டுக்காரிகளுக்கெல்லாம் ஸ்டாப்பு பேரு சொல்ல மாட்டான். ஒரு விசிலு, அவ்வளவுதான், போயிட்டே இருப்பான். நீ அங்க படிக்கறியா? இல்லியா, வாசல்ல ஜெராக்ஸ் கடையிலயா. சரி சரி, நெழல்ல உக்காந்து செய்யற வேலை. குடுத்து வெச்சவ.

நான் எதுக்குப் போறேன்னு கேளு. கேக்க மாட்டியா? கேக்காட்டிப் போ, நானே சொல்றேன். அந்தக் காலேஜுல மண்ணு பாக்கற மிசினு ஒண்ணு இருக்குதாமா. அது என்ற மானத்தை ஊருக்கு முன்னால வாங்கிப்போட்டுது. அதுகிட்டயே அதைத் திருப்பி வாங்கிட்டு வரோணும்னு போறேன்.

என்ற பேரு பூவாயி. நம்மூரு கரட்டூரு, ஆத்தோரம். மேல மலையில முந்தி ஒரு சுரங்கம் இருந்துச்சு. ஈயம், துத்தநாகம், இன்னும் என்னென்னமோ தோண்டுனாங்க. தோண்ட வேண்டியதைத் தோண்டிட்டு, குப்பையை மேடு மேடாக் குமிச்சு வெச்சுட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிட்டானுங்க. கலியாண ஊட்டுல கூட எச்சல் எலையை எடுத்துப் போட்டுட்டுத்தான் போவாங்க. இவனுங்களுக்கு அந்த ரோசனை கூட இல்ல. சரி, அது கெடக்குது. என்ற கதை அது இல்ல. என்ற கதை துளசிமணி.

துளசிமணி யாருன்னா என்ற கொழுந்தனாரு பொண்டாட்டி. எங்க ஊட்டுக்காரரு செங்கோடன் மூத்தவரு, அவரு எளையவரு. எங்க மாமனாரு கண்ணு மூடறதுக்கு முன்னால காட்டை ரெண்டாப் பாகம் போட்டாரு பாரு, அன்னைக்குப் புடிச்சுது எனக்குச் சனி. ஆத்து வளைவுல இருக்கற கறுப்பு மண்ணுக் காடு சின்னவருக்கு. மேட்டுல இருக்கற மணல் காடு எங்களுக்கு. "ஏனுங்க மாமா, மூத்தவருன்னா எளப்பமா?"ன்னு நான் சபையிலயே கேட்டேன். "உங்க பாகத்துல கெணறு இருக்குதல்லம்மா, நல்ல தண்ணி"ங்கறாரு. நல்ல தண்ணியைக் குடிச்சுட்டு ஏப்பம் விட்டா வவுறு நெறையுமா? எங்க ஊட்டுக்காரரு வாயைத் தொறக்கோணுமே! அவரு வாயைத் தொறந்தா வெத்தலை போடத்தான் தொறப்பாரு.

ஆறு பெருகி வந்தா வண்டலை எங்க கொண்டாந்து போடும்? வளைவுலதான் போடும். ஒவ்வொரு ஐப்பசிக்கும் துளசிமணி காட்டுக்குப் புது மண்ணு வரும். கறுகறுன்னு, கையில எடுத்தா வெண்ணெயாட்டம் வழுக்கும். பைசா செலவு இல்லாம வண்டல் அடிச்சுக் குடுக்குது ஆறு. என்ற காட்டு மண்ணு இருக்குதே, அள்ளுனா வெரலுச் சந்துல ஓடிரும். போன ஐப்பசி மழையில மேல மலையில அந்தக் குப்பை மேடு சரிஞ்சு ஆறே கறுப்பா வந்துச்சு. ஊரே போய் வேடிக்கை பாத்துது. நான் வேடிக்கையா பாத்தேன்? அவ காட்டுல முழங்கால் முட்ட வண்டல் நிக்கறதைப் பாத்துட்டு வந்து, அன்னைக்கு நான் சோறே உங்கல.

இன்னொண்ணு கேளு. வளைவுல குழி வெட்டி மோட்டார் போட்டுத் தண்ணி எடுக்கறா அவ. அந்தத் தண்ணி இப்ப கொஞ்ச வருசமாப் புளிக்கும். பித்தளைக் குடத்தை அதுல முக்கி எடுத்தாப் போதும், புளி போட்டு வெளக்குன மாதிரி பளபளன்னு வந்துரும். நான் இங்க சாம்பலும் புளியும் போட்டு கை தேய வெளக்கிட்டுக் கெடக்கறேன். அதுல கூட அவளுக்கு யோகம் பாரு!

சரி, சண்டை போட்டு மனசை ஆத்திக்கலாம்னா, அவகூடச் சண்டையும் போட முடியாது அம்மிணி. ஒருக்கா என்ற எருமை அத்துக்கிட்டுப் போயி அவ சோளக்காட்டுல பாதியைத் தின்னுபோட்டுது. அவ வருவான்னு நான் முந்தானையை இழுத்துச் சொருகிட்டு வாசல்ல நிக்கறேன். எட்டு ஊரு திட்டு நாக்கு நுனியில நிக்குது. அவ வந்தா. "பரவால்லீங்கக்கா, வாயில்லாச் சீவன், அதுக்கு என்ன தெரியும்"னா. எருமைக்குத் தண்ணி காட்டிக் கட்டிப்போட்டுட்டுப் போயிட்டா. சேத்து வெச்ச திட்டையெல்லாம் நான் யாரைப் பாத்துத் திட்டறது? எருமையைத்தான் திட்டுனேன். எதைச் சொன்னாலும் "பரவால்லீங்கக்கா". அந்த ஒத்தை வார்த்தையைக் கேட்டா எனக்குப் பித்தம் மண்டைக்கு ஏறிரும்.

இப்ப மண்ணுக்கு வர்றேன்.

மாசி மாசத்துல அந்தக் காலேஜுல இருந்து சுமையான்னு ஒரு புள்ள வந்துச்சு. ஒல்லிக்குச்சி. தலையில துணி, கால்ல பூட்சு, முதுகுல மூட்டை. "மண் பரிசோதனை, மண் பரிசோதனை"ன்னு பஞ்சாயத்து மைக்குல கத்துனாங்க. அந்தப் புள்ளதான் காடு காடாப் போயி தானே கொத்தி, தானே அள்ளுச்சு. பாதி ஊரு தாண்டுறதுக்குள்ள வெயில் தாங்காம மயக்கம் போட்டு வரப்புல உழுந்துருச்சு. நான்தான் தூக்கியாந்து என்ற ஊட்டுல படுக்க வெச்சு மோரு குடுத்தேன். எந்திரிச்சு உக்காந்து, மீதிக் காட்டுக்காரங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பை குடுத்து, அதுல பேரு எழுதி, "நாளைக்குக் காலையில உங்க காட்டு மண்ணை நீங்களே அள்ளிக் கொண்டாந்து குடுத்துருங்கம்மா"ன்னுச்சு. எதுக்கு, ஏன்னு என்னமோ நீளமாச் சொல்லவும் சொல்லுச்சு. நான் எங்க காதுல வாங்குனேன்? அடுப்புல பால் பொங்குது.

மண் பரிசோதனைன்னா எனக்குத் தெரியாதா? முன்னால ஒருக்கா வெவசாய ஆபீசுக்காரங்க பாத்துட்டு, "பூவாயி காட்டுல சத்தே இல்ல, துளசிமணி காடு முதல் தரம்"னு கூட்டம் போட்டுச் சொன்னாங்களே! அன்னைக்கு நான் தலையைக் குனிஞ்சுட்டு வந்தது எனக்குத்தான தெரியும். அதே மாதிரிதான் இதுவும்னு நெனைச்சேன். யாரு மண்ணு ஒசத்தின்னு பாக்க வந்திருக்காங்கன்னு நெனைச்சேன். வேற என்னத்தை நெனைக்கறது? மண்ணுல வேற என்னத்தைப் பாப்பாங்க?

அந்த நேரம் பாத்துத் துளசிமணி ஊருல இல்ல, மக ஊட்டுக்குப் போயிட்டா. கொழுந்தனாரு அவரு அண்ணனாட்டமே, இதுக்கெல்லாம் அசைய மாட்டாரு. போன் பண்ணி, "அக்கா, எங்க காட்டு மண்ணையும் நீங்களே அள்ளிக் குடுத்துருங்கக்கா, சிரமத்துக்குக் கோவிச்சுக்காதீங்க"ங்கறா. கோவிக்கறதா! வெள்ளன எந்திரிச்சு, கூடையைத் தூக்கிட்டு நேரா ஆத்து வளைவுக்குப் போனேன். புது வண்டல்லயே நல்ல எடமாப் பாத்து, கறுப்பு மண்ணா அள்ளி, பூவாயின்னு பேரு போட்ட பையில போட்டேன். என்ற காட்டு மணலை அள்ளி, துளசிமணின்னு பேரு போட்ட பையில போட்டேன். கட்டிக் கொண்டுபோயிக் குடுத்துட்டேன்.

என்ன அப்படிப் பாக்கறே? திருட்டா? அதெப்படித் திருட்டாகும்? பொண்ணு பாக்க வர்றப்ப ஒறம்பரைக்காரி, சொந்தக்காரி ஆரத்தை வாங்கிப் போட்டுக்கறதில்லியா? வந்தவங்க போனதும் கழட்டிக் குடுத்தர்றதில்லியா? அந்த மாதிரிதான். ஒரு பொழுதுக்கு அந்த மண்ணு என்ற பேருல இருந்தா அவளுக்கு என்ன கொறைஞ்சு போச்சு? ஒரே மாமனாரு மண்ணுதான ரெண்டும்?

சித்திரையில முடிவு சொல்ல வந்தாங்க. பஞ்சாயத்து ஆபீசு முன்னால சேரு போட்டு, ஊரே கூடிருச்சு. நான் என்ற மருமவ வளைகாப்புக்குன்னு எடுத்து வெச்சிருந்த பட்டுப் பொடவையைக் கட்டிட்டு முன் வரிசையில போயி உக்காந்தேன். சுமையா எந்திரிச்சு ஒவ்வொரு பேராச் சொல்லிட்டு வருது. "பூவாயி அம்மா மண்ணுலதான் இந்த ஊருலயே ரொம்ப அதிகம்"னுச்சு.

நான் எந்திரிச்சு நின்னு சபையைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன் அம்மிணி! சிரி, சிரி. நல்லாச் சிரி. அன்னைக்கு யாரும் சிரிக்கல. எல்லாரும் செத்த ஊட்டுக்கு வந்த மாதிரி என்னைப் பாத்தாங்க. அப்பறம்தான் அந்தப் புள்ள மெதுவா, "அம்மா, உக்காருங்கம்மா. அதிகமா இருக்கறது ஈயமும் காட்மியமும்மா. ரெண்டும் விசம்"னுச்சு.

மேல மலைக் குப்பையில இருந்த ஈயம் மழையில கரைஞ்சு ஆத்துல வந்துருச்சாமா. வந்தது சும்மா இருக்காதாமா, நடக்குமாமா! "மண்ணுல எவ்வளவு இருக்குதுங்கறது மட்டும் இல்லம்மா, எவ்வளவு நடக்குதுங்கறதுதான் முக்கியம்"னுச்சு. மணல்ல தங்காம ஓடிருமாம். பொடி மண்ணு, வண்டல் மண்ணுன்னா அட்டையாட்டம் ஒட்டிக்குமாம். ஒட்டிட்டுத் தூங்கிட்டிருக்குமாம். தண்ணி புளிப்பா வந்தா முழிச்சுக்குமாம். முழிச்சுட்டு மண்ணை உட்டு எறங்கி, தண்ணியில நடந்து, வேருல ஏறி, கீரையில வந்து உக்காந்துக்குமாம். என்ற ஊட்டுக்காரரே பொழுதுக்கும் கட்டில உட்டு எறங்கி நடக்க மாட்டேங்கறாரு, ஈயம் நடக்குதாம்! "ஏம்புள்ள, அதுக்குக் காலு எத்தனை, ரெண்டா நாலா?"ன்னு கேட்டேன். அது கோவிச்சுக்கல. பொறுமையாத் திருப்பி மொதல்ல இருந்து சொல்லுது, மண்டு.

நானும் உடல. "நாங்கெல்லாம் ஈயம் பூசுன பாத்திரத்துல ஆக்கித் தின்னு வளந்தவங்க, எங்களுக்கு ஈயம் ஒண்ணும் பண்ணாது"ன்னேன். "அது வெள்ளீயம்மா, இது காரீயம்"னுச்சு. வெள்ளையோ கறுப்போ, ஈயம் ஈயம்தான? "புள்ளத்தாச்சிகளும் சின்னக் கொழந்தைகளும் இந்தக் காட்டுல வெளையறதைத் திங்கக் கூடாது"ன்னு கடேசியா ஒண்ணு சொல்லுச்சு பாரு, அதுதான் என்ற குடியைக் கெடுத்துது. என்ற மருமவ பிரவீணா அப்பத்தான் முழுகாம இருக்கறா. நாலாம் மாசம்.

அடுத்த நாளு வந்து கொடி நட்டாங்க. கெட்ட மண்ணுக்குச் செவப்பு, நல்ல மண்ணுக்குப் பச்சை. ஆத்து வளைவுல வரிசையா எல்லாருக்கும் செவப்பு, நடுவுல துளசிமணி காட்டுக்கு மட்டும் பச்சை. மேட்டுல எல்லாருக்கும் பச்சை, என்ற காட்டுக்கு மட்டும் செவப்பு. சுமையாவுக்கே மண்டை கொழம்பிருச்சு. "இது எப்படிம்மா, ஒண்ணுமே பொருந்தலயே, இன்னொருக்கா நானே அள்ளிப் பாக்கறேன்"னு என்ற வரப்புல கால வெச்சுது. "என்ற காட்டுல கால வெச்சே, அந்தப் பூட்சோட பொதைச்சுருவேன்"னு மம்முட்டியைத் தூக்குனேன் பாரு, ஓடுன ஓட்டத்துல கொடி ஒண்ணு கீழ உழுந்ததைக் கூட எடுக்கல. அப்பறம் ஊருப் பக்கமே வரக்காணோம். மழைக்கப்பறம் வர்றேன்னு தலைவருகிட்டச் சொல்லிட்டுப் போச்சாம்.

நாங்க எந்தக் கட்சிக்கும் கொடி புடிச்சவங்க இல்ல அம்மிணி. எங்க காட்டுல செவப்புக் கொடி! சந்தைக்குக் கீரை எடுத்துட்டுப் போற வண்டிக்காரன் என்ற காட்டுப் பக்கம் வந்தா ஆக்சிலேட்டரை அமுக்கறான். என்னோட அரைக்கீரையும் பாலைக்கீரையும் முத்திப் போயி பூ உட்டு நிக்குது. ஊட்டுல பிரவீணா சட்டியைக் கவுத்துட்டா. "நீங்க கோவிச்சாலும் செரி அத்தை, இந்தக் காட்டுக் கீரையை நான் திங்க மாட்டேன்"ங்கறா. என்ற மகன் பூபதி அவ பக்கம். எங்க ஊட்டுக்காரரு எப்பவும் போல வெத்தலை பக்கம்.

அதையாவது பொறுத்துக்குவேன். துளசிமணி வந்தா பாரு, மக ஊட்டுல இருந்து திரும்பி. விசயம் கேள்விப்பட்டு என்ற கையைப் புடிச்சுட்டு அழறா! "அக்கா, உங்களுக்குப் போயி இப்படி ஆயிருச்சே. எங்க காடு பச்சையா இருக்கறப்ப உங்க மருமவ வெறும் சோறு திங்கறதா?"ன்னு. மறுநாள்ல இருந்து தெனமும் காலையில மஞ்சப் பையில கீரை. தண்டுக்கீரை ஒரு நாளு, பாலைக்கீரை ஒரு நாளு, முருங்கை ஒரு நாளு. மோட்டார் போட்டு அந்தத் தண்ணியிலயே அலசி, பச்சப்பசேல்னு கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டுப் போவா. என்ற மருமவ அதை அள்ளி அள்ளித் திங்கறா அம்மிணி! கடைஞ்சு திங்கறா, பொரிச்சுத் திங்கறா, பருப்புல போட்டுத் திங்கறா. "சின்னத்தை கீரைன்னா கீரைதான், என்ன ருசி"ன்னு என்ற காதுபடச் சொல்லிச் சொல்லித் திங்கறா. எனக்கு அது வவுத்துல நெருப்பள்ளிக் கொட்டுன மாதிரி இருக்கும். நான் தொட மாட்டேன். செத்தாலும் அவ குடுத்த கீரை என்ற நாக்குல படாது. மூணு மாசமா ரசஞ்சோறுதான். வைராக்கியம்!

இப்ப ஆனி முடியறதுக்குள்ள வளைகாப்பு. சம்மந்தியம்மா நேத்துப் போன்ல என்ன சொல்றா தெரியுமா? "வளைகாப்பு முடிஞ்சு எம்பொண்ணைக் கூட்டிட்டுப் போறோம். அந்தச் செவப்புக் கொடி இருக்கற வரைக்கும் புள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டோம். விசக் காட்டுல எம்பேரனை வளக்க முடியாது"ங்கறா. அவ பேரனாம்! நான் என்ன, பக்கத்து ஊட்டுக்காரியா? என்ற ஒத்தை மகனோட மொதக் கொழந்தை, அது தவழற வாசல்ல நான் இருக்கக் கூடாதா? ராத்திரி அழுதேன் அம்மிணி, பொய் சொல்லல. எங்க ஊட்டுக்காரரே எந்திரிச்சு உக்காந்து "என்ன"ன்னாரு. அவ்வளவு சத்தமா அழுதிருக்கேன்.

அப்பத்தான் பொறி தட்டுச்சு. நான் ஒரு மடச்சி! துளசிமணி பேரு போட்ட பையில போனது என்ற மண்ணுதான? அந்த மிசினு அதைப் பாத்துட்டுத்தான பச்சைக் கொடி குடுத்துது? அப்படின்னா என்ற மண்ணு பத்தரை மாத்துத் தங்கம்னு அந்த மிசினே சொல்லிருச்சே! இத்தனை நாளு அந்த மிசினை நான் சும்மா திட்டிட்டேன். அது பாவம், சரியாத்தான் சொல்லிருக்குது. அதான் இன்னைக்குக் காலையில என்ற காட்டு மணலை நானே அள்ளிப் பையில போட்டுக் கட்டிட்டுக் கெளம்பிட்டேன். சுமையா முன்னால வெச்சு, "மறுபடியும் பாரு புள்ள"ம்பேன். பாத்தா சுத்தமா இருக்கும். "விசம் எங்க போச்சு?"ன்னு கேக்கும். "நடந்து போயிருச்சு, நீதான நடக்கும்னே?"ன்னு சொல்லிப்போட்டு, பச்சைக் கொடியை வாங்கிட்டு வந்துருவேன். பையை மாத்துனதைப் பத்தி நான் எதுக்கு மூச்சு உடறேன்? எப்படி என்ற ரோசனை?

என்ன அம்மிணி, என்ன கேட்டே?

கறுப்பு மண்ணா?

கறுப்பு மண்ணு துளசிமணி மண்ணு. அதான் சொன்னனே.

அதுக்குக் கெடைச்சது செவப்புத்தான். அது என்ற பேருல கெடைச்சுது. அதனால என்ன?

இல்ல அம்மிணி. இல்ல. நீ தப்பாக் கணக்குப் போடறே. கறுப்பு மண்ணு எப்படிக் கெட்டதா இருக்கும்? ஊருலயே நல்ல மண்ணு அதுதான். நான் முப்பது வருசமா வவுறெரிஞ்ச மண்ணு. அந்த மிசினு அதுல தப்பாச் சொல்லிருச்சு. என்ற மண்ணுல சரியாச் சொல்லிச்சு, அதுல தப்பாச் சொல்லிருச்சு, அவ்வளவுதான்.

ஒரே மிசினு. ஒரே நாளு. ஆமா.

பொடி மண்ணுல ஒட்டிக்கும்னுச்சு. மணல்ல ஓடிரும்னுச்சு. ஆமா. தண்ணி புளிச்சா முழிச்சுக்கும்னுச்சு...

அய்யய்யோ, குடம்! அம்மிணி, அந்தக் குடம்! புளி போடாமப் பளபளன்னு வந்துச்சே, அந்தத் தண்ணியிலதான அவ கீரைக்குப் பாய்ச்சறா. அந்தத் தண்ணியிலதான அலசிக் கொண்டாந்து குடுக்கறா. மூணு மாசமாத் தெனமும் மஞ்சப் பையில. என்ற மருமவ... அட கெரகமே! என்ற வாயாலயே சொல்லிட்டு வந்திருக்கேனே, அள்ளி அள்ளித் திங்கறான்னு! என்ற காட்டுக் கீரை பச்சையா நல்லா நின்னுது, அதை முத்த உட்டுட்டேனே பாவி! நல்லதை முத்த உட்டுட்டு, புள்ளத்தாச்சிக்கு நான் எதைத் திங்கக் குடுத்தேன்?

போனு, போனு எங்க? இந்த மடியிலதான் வெச்சேன். நீயே அமுத்திக் குடு கண்ணு. பிரவீணான்னு இருக்கும் பாரு, பூப்படம் போட்டிருக்கும்.

அலோ! பிரவீணா! என்ன பண்றே? ...கீரை கடையறியா? கடையாதே. ...கடையாதேங்கறேன்! அப்படியே சட்டியோட குழி தோண்டிக் கொட்டு. மாட்டுக்கும் வெக்காதே, கோழிக்கும் போடாதே. ...ஏன்னா நான் சொல்றேன்! ...இல்ல சாமி, நீ நெனைக்கற மாதிரி இல்ல. ...நான் எதுக்குப் பொறாமைப்படறேன்? ...பட்டேன், முந்திப் பட்டேன், இது அது இல்ல. ...பஸ்சுல இருக்கேன், எல்லாரும் பாக்கறாங்க, எப்படிச் சொல்றது? அலோ? அலோ!

கட் பண்ணிட்டா அம்மிணி.

"உங்களுக்குச் சின்னத்தை மேல பொறாமை, அதான் எனக்குப் புடிச்ச கீரையைக் கொட்டச் சொல்றீங்க"ங்கறா. "அம்மா ஊட்டுக்குப் போற வரைக்குமாவது நிம்மதியாத் திங்க உடுங்க அத்தை"ங்கறா. நான் என்ன சொன்னா நம்புவா அவ? பாம்பு பூந்துருச்சுன்னா நம்புவாளா? மருந்து அடிச்சிருக்குன்னா? நம்ப மாட்டா. நான் எது சொன்னாலும் நம்ப மாட்டா. பையை மாத்துனேன்னு சொன்னா மட்டும்தான் நம்புவா. என்னைப் பத்தி அவளுக்குத் தெரியும், அதைச் செய்யக் கூடியவதான்னு உடனே நம்பிருவா.

ரத்தத்துல பாக்கலாமா? பெரியாஸ்பத்திரியிலயா? பாத்தா தெரியுமா எவ்வளவு இருக்குதுன்னு? கூட்டிட்டுப் போறேன். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். கொழந்தைக்கு ஒண்ணும் ஆயிருக்காது, இல்லியா அம்மிணி? மூணு மாசம்தான... ஒண்ணும் ஆயிருக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லேன். உனக்குத் தெரியாதா. ஆமா, உனக்கு எப்படித் தெரியும், நீ ஜெராக்ஸ் கடை.

அந்தத் துளசிமணிக்கும் மக வவுத்துப் பேரன் ஒருத்தன் இருக்கான். அவங்கம்மாகூட வந்திருக்கான். மூணு வயசு. பொழுதுக்கும் அந்த வண்டல்ல உக்காந்துட்டு உருண்டை புடிச்சு வெளையாடறான். ஊருலயே நல்ல மண்ணுல வெளையாடறான் பாருன்னு நேத்துக் கூட நான் பொசுங்குனேன். பச்சைக் கொடியை நட்டு வெச்சு அவனை அங்க உக்கார வெச்சவ நான்தான?

கண்டக்டரு தம்பி! விசில் அடிங்க! வண்டியை நிறுத்துங்க, நான் எறங்கோணும். ஸ்டாப்பு இல்லாட்டிப் போகுது, ஓசி டிக்கெட்டுன்னா எறங்கக் கூடவா உட மாட்டீங்க? எதுத்தாப்புல வர்ற வண்டியைப் புடிச்சு ஊட்டுக்குப் போகோணும் சாமி, வவுத்துப் புள்ளக்காரி காத்திருக்கறா, நிறுத்துங்க!

அம்மிணி, இந்தா, இந்தப் பையைப் புடி. நீ காலேஜ் வாசல்லதான இருக்கே? சுமையான்னு கேளு, ஒல்லிக்குச்சி, அதுகிட்டக் குடுத்துரு. பூவாயி மண்ணு, அவளே அள்ளுனதுன்னு சொல்லு. மட்டமான மண்ணு, எங்க மாமனாரு எனக்குன்னு பாத்துக் குடுத்ததுன்னு சொல்லு. ரெண்டு காட்டுக் கொடியையும் மாத்தி நட்டிருக்கு, நட்டது உன்ற தப்பில்லன்னும் சொல்லிரு. மழைக்கப்பறம் எல்லாம் வேண்டாம், நாளைக்கே வரச் சொல்லு. மம்முட்டியை எடுக்க மாட்டேன், மோரு கலக்கி வெக்கறேன்னு சொல்லு.

மருமவகிட்டச் சொல்றது எனக்குப் பெரிசில்ல. திட்டுவா, மூஞ்சியைத் தூக்குவா, அவங்காத்தாளைக் கூப்புட்டுச் சொல்லுவா. சொல்லட்டும். ஊருல நாலு பேரு காறித் துப்புவாங்க, தொடைச்சுக்குவேன். துளசிமணி ஊட்டு வாசல்ல போயி நிக்கோணுமே, அதுதான் பெரிசு. உன்ற மண்ணை எடுத்து என்ற பேருல குடுத்தேன், உன்ற பேரன் வெளையாடற மண்ணு விசம், நான்தான் உனக்குப் பச்சைக் கொடி வாங்கிக் குடுத்தேன்னு அவகிட்ட என்ற வாயாலயே சொல்லோணும். அவ மயிரைப் புடிச்சு என்னைத் தெருவுல இழுத்தான்னா நிம்மதியாப் போகும். இழுக்க மாட்டா அம்மிணி, எனக்குத் தெரியும். பேரனைத் தூக்கி இடுப்புல வெச்சுக்குவா. அவன் கையில இருக்கற மண்ணைத் தொடைச்சு உடுவா. அப்பறம் என்ற மூஞ்சியைப் பாத்து, "பரவால்லீங்கக்கா"ம்பா.

வண்டி நின்னுருச்சு. எறங்கறேன், அந்த ஒத்தை வார்த்தையைக் கேக்கோணுமில்ல.